மாற்றினால் லோகோவைக் கழற்று

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோன அடுத்த வருடம் கல்முனையில் லோகோ ஒட்டாத பொருள் என்று ஒன்று இருக்கவில்லை. தண்ணீர்த் தாங்கி, தோணி, கூடாரம், பிள்ளைகளின் புத்தகப் பை, எல்லாவற்றிலும் யாராவது ஒரு நிறுவனத்தின் முத்திரை. பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். ஆனாலும் நானும் ஒன்று வரைந்தேன்.

அப்போது நான் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். வீடிழந்தவர்களைப் பதிய ஒரு சின்னப் புரோகிராம் எழுதினேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. உம்மா மகளுக்குச் சீதனமாகக் கொடுப்பது, மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பவர். ஆகவே முதல் கட்டம் ‘வீட்டுக்காரியின் பெயர்’. அச்சாகும் தாளின் மூலையில் ஒரு திறப்பின், வீட்டுச் சாவியின், படம், அதுதான் எங்கள் லோகோ. வாசிக்கத் தெரியாத பெண்களும் அதைப் பார்த்து, வீடு தங்கள் பெயரில்தான் என்று நம்பிக் கைநாட்டு வைத்தார்கள். யாரும் இலவசமாக எடுக்கலாம், மாற்றலாம் என்று லைசன்சில் எழுதினேன். ஒரே நிபந்தனை, மாற்றிய பிரதியில் திறப்பைப் போடக் கூடாது.

வீடு கட்டித்தர வந்த ஒரு நிறுவனம் அந்தப் புரோகிராமை எடுத்தது. ஒருநாள் முகாமிலிருந்து என் மூத்த சகோதரி, ராத்தா, தாளும் கையுமாக வந்து நின்றா. முதல் கட்டம் ‘குடும்பத் தலைவர்’ ஆகியிருந்தது. அதில் அவவின் கணவர், மச்சானின் பெயர். மூலையில் என் திறப்பு.

“உன்ட படம் இருக்கெண்டு நம்பித்தானே கையெழுத்து வெச்சன். என்னகா இது? நாளைக்கு இவர் இன்னொருத்தியக் கலியாணம் முடிச்சா நான் எங்க போற?”

எனக்கு உச்சந்தலைக்குக் கோபம் ஏறியது. நேரே அவர்களுடைய அலுவலகத்துக்குப் போனேன்.

அதிகாரி சிரித்தார். “இலவசம் எண்டு நீங்கதானே எழுதியிருக்கிறீங்க?”

“ஓம், எழுதினதுதான். எடுங்க, மாத்துங்க, தலைகீழாத் திருப்புங்க. மாத்தினதில எங்கட லோகோ இருக்க ஏலா. அதையும் நான்தான் எழுதினன், வாசிக்கல்லியா?”

“ஒரு சின்னப் படத்துக்கா இவ்வளவு சண்டை?”

“அந்தப் படத்தக் காட்டித்தானே எங்கட பொம்புளைகள்ட வீட்ட எழுதி எடுக்கிறீங்க? கட்டத்தப் பழையபடி வைங்க, இல்லாட்டி லோகோவக் கழட்டுங்க.”

கட்டத்தை மாற்றச் சொல்லி வற்புறுத்த என் லைசன்சில் இடமில்லை. அது அவருக்கும் தெரியும். லோகோவை மட்டும் கழற்றிவிட்டு எல்லாத் தாள்களையும் மறுபடி அச்சடித்தார். கையெழுத்தும் மறுபடி வாங்க வேண்டியதாயிற்று. தோற்றுப்போனேன் என்று நினைத்து அன்று அழுதேன்.

முகாமில் மேசை போட்டுக் கூப்பிட்டார்கள். முதல் ஆள் ராத்தா. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

“திறப்பு எங்க?”

“அது வெறும் படம்தானே,” என்றார் அதிகாரி.

“வெறும் படமெண்டா ஏன் கழட்டின நீங்க?”

பேனாவை மேசையில் வைத்துவிட்டு நடந்தா. பின்னால் நின்ற பெண்கள் அத்தனை பேரும் கலைந்து போனார்கள். மூன்றாம் நாள், புரோகிராமை மாற்றாமல் அப்படியே பாவிக்கலாமா என்று கேட்டு ஆள் அனுப்பினார்கள். இலவசம்தானே, எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.