வாந்தி மாத்திரையில் பாதி

ஹட் பே தீவுக்குப் போகும் கப்பலில் எதிரே உட்கார்ந்திருந்த ஒல்லி மனிதரை எனக்குப் பிடிக்கவில்லை. மடியில் எலிக்குஞ்சுகள் அடைத்த கூண்டு. அவற்றின் முன் விரலை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

என் மகள் வாந்தியெடுத்தாள். அவளுக்குக் கொடுக்க என் வாந்தி மாத்திரையைப் பாதியாக உடைத்தேன்.

"அரே, கொடுக்காதீங்க தீதி!" என்னை அக்கா என்று அழைத்துத் தடுத்தார் அந்த ஒல்லி மனிதர். " குழந்தை மூளையில டோபமைனை வாங்குற இடமெல்லாம் இன்னும் வளர்ந்துட்டிருக்கு. இந்த மருந்து அதைத்தான் அடைக்கும். சில குழந்தைங்களுக்குக் கழுத்து இழுத்துக்கும்."

"நீங்க டாக்டரா?"

"இல்ல. மருந்து எலிக்குஞ்சுக்கு எப்படி வேலை செய்யுது, பெரிய எலிக்கு எப்படின்னு சோதிச்சுப் பார்க்கறவன்."

சந்தேகத்தோடே மாத்திரையைப் பையில் போட்டேன். மகள் அழுதழுது தூங்கிப்போனாள்.

ஹட் பேயில் டாக்டரும் அதையேதான் சொன்னார். ஆனாலும் கப்பலிலிருந்து இறங்கும்போது, "பாப்பா எடை என்ன?" என்று அந்த மனிதர், எலிக்கு மருந்து அளப்பவர்போல, ஏன் கேட்டார் என்பது இன்னும் உறுத்துகிறது.