முப்பத்தொன்பது கைகள்

சேவுகன் சைக்கிளில் போகும்போது தனக்குத்தானே பேசுவார். முணுமுணுப்பு இல்லை, வாய்விட்டே பேசுவார். திருக்கோகர்ணத்து வீட்டிலிருந்து கிளம்பி, சித்தன்னவாசல் குன்று கண்ணில் பட்டதும் ஆரம்பித்தால் போய்ச் சேரும் ஊர் வரைக்கும் ஓயாது. "என்ன சார் நெனச்சுக்கிட்டு இருக்கீங்க? நானும் மனுசன்தான் சார்" என்று சைக்கிள் மணியைப் பார்த்துச் சீறுவார். ஆடு மேய்க்கிறவர்கள் முதலில் பயந்தார்கள், அப்புறம் பழகிவிட்டார்கள். "அம்மை குத்துறவரு வாராரு, இன்னைக்கு ஆபீசருக்கு நல்ல டோஸு" என்று சிரித்துக்கொள்வார்கள்.

அந்த ஆபீசர் ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஆத்மநாதன். ரோட்டில் அத்தனை வீரம் பேசும் சேவுகன், அவர் மேஜைக்கு முன்னால் போனால் "சரிங்க சார்" என்பதற்கு மேல் வாய் திறந்ததில்லை. ஆறு வருஷமாக, ஊர் ஊராகப் போய் அம்மை குத்துகிற டெம்பரவரி வேலை. நிரந்தரமாக வேண்டுமென்றால் இன்ஸ்பெக்டர் மேலே ஒரு கடிதம் எழுத வேண்டும். "பார்க்கலாம்" என்ற ஒரு சொல்லிலேயே ஆறு வருஷத்தையும் ஓட்டிவிட்டார் அந்த மனிதர். உட்காரச் சொல்லமாட்டார். சிவப்புப் பென்சிலால் ரிஜிஸ்டரைத் தட்டிக்கொண்டே, "இந்த மாசம் ஏன்யா குறைஞ்சிருக்கு?" என்பார். வெயில் என்றால் சாக்கு என்பார், மழை என்றாலும் சாக்குதான். ரிப்போர்ட் கொடுக்கிற திங்கட்கிழமை வந்தால் விடியும்போதே சேவுகன் சீரகத் தண்ணீர் கேட்பார்.

"ரோட்டுல பேசுறதுல கால்வாசிய அங்கிட்டுப் பேசப்படாதா?" என்று கேட்பாள் மனைவி அழகம்மாள், சீரகத் தண்ணீரை நீட்டிக்கொண்டே. பேசலாம்தான். மூன்று பெண்களை வைத்துக்கொண்டு யார் பேசுவது?

1961 பங்குனியில்தான் அது நடந்தது. குத்துகிற மருந்தான அம்மைப்பால் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் அடைபட்டுச் சென்னையிலிருந்து ரயிலில் வரும். சூடு பட்டால் கெட்டுப்போகும். அதனால்தான் சேவுகன் ஈரத்துணி சுற்றிய மண்கலயத்தில் வைத்து எடுத்துப்போவார். அந்தத் தடவை பார்சல் வந்த அன்று இன்ஸ்பெக்டர் அதை பீரோவில் பூட்டி, சாவியை மடியில் முடிந்துகொண்டு, சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டார். ஆபீசின் ஓட்டுக் கொட்டகையில் நாலு நாள் வெந்த குழாய்களை ஐந்தாம் நாள் எடுத்துக் கொடுத்தார். சேவுகன் கையில் வாங்கியபோது குழாய்கள் வெதுவெதுவென்றிருந்தன.

"சார், பால் சூடு கண்டிருக்கும்போல..."

"குத்துறதுதான் ஒன் வேலை. போய்க் குத்து."

சரிங்க சார். மருதங்குடியில் நாற்பத்தோரு பிள்ளைகளுக்குக் குத்தினார். முதல் ஆளாய்த் தன் மகனைத் தூக்கி வந்தவள் செங்கமலம். மூத்த பிள்ளையை அம்மைக்குப் பறிகொடுத்தவள் அவள்.

எட்டாம் நாள் கைகளைப் பார்க்கப் போனார். குத்துப் பலித்திருந்தால் கொப்புளம் எழும்பியிருக்க வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்குத்தான் எழும்பியிருந்தது. முப்பத்தொன்பது கைகளில் வெறும் கீறல், அதுவும் ஆறி உதிர்ந்துகொண்டிருந்தது. "பலிச்சிருச்சாங்க? இனிமே எம்புள்ளைக்குப் பயமில்லையே?" என்று கேட்டாள் செங்கமலம். "பாப்போம் ஆத்தா" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். இரண்டு மைல் தள்ளி அடுத்த ஊரைத் தாண்டும்போது மூன்று வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. அங்கே அம்மை வந்துவிட்டது. மருதங்குடியில் வருகிற செவ்வாய் விளக்கு வைக்கிற நேரத்தில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுகிறார்கள். கட்டிவிட்டால் திருவிழா முடிகிற எட்டு நாளும் யார் உடம்பிலும் ஊசி படக்கூடாது. அதற்குள் அம்மை இரண்டு மைல் நடந்து வராதா?

அன்று சாயங்காலமே இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றார்.

"நாப்பத்தொண்ணுக்கு ரெண்டா? தொண்ணூறு பர்சென்ட் பலிச்சுதுன்னு போடுய்யா."

"பிள்ளைக கையில ஒண்ணும் இல்லைங்க சார்."

"பிள்ளைக கையையா மேல அனுப்பப் போறோம்? ரிஜிஸ்டரத்தான அனுப்பப் போறோம்!" பென்சில் தட்டியது. "பலிக்கலைன்னா நீ ஒழுங்காக் குத்தலைன்னு நான் எழுதுவேன். டெம்பரவரி ஆளுக்கு ஒரு வரி போதும். யோசிச்சுக்க."

"புதுப் பால் கேட்டு எழுதினா..."

"பழசு என்னாச்சுன்னு கேப்பான். போய்யா."

"சரிங்க சார்" என்று சேவுகன் வெளியே வந்தார். வெட்கமாக இருந்தது. பேனாவைத் திறந்து ரிஜிஸ்டரில் எழுதப் போனவருக்கு முதல் பெயரே செங்கமலத்தின் மகன் பெயராக இருந்தது. மூடிவிட்டார். இரண்டு நாள் அதைத் திறக்கவே இல்லை. சனிக்கிழமை காலையில் தபாலாபீசுக்குப் போனார். 'மருதங்குடியில் பால் பலிக்கவில்லை. பக்கத்தில் அம்மை. செவ்வாய்க்குள் அனுப்பவும்.' இன்ஸ்பெக்டரைத் தாண்டி நேரே சென்னைக்குத் தந்தி. "யாரு பேருங்க போடணும்?" என்று குமாஸ்தா கேட்டபோது தன் பெயரைச் சொன்னார். குமாஸ்தாவுக்குக் கேட்கவில்லை, இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

செவ்வாய் மத்தியானம் பார்சல் வந்தது, கூடவே சென்னையிலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதமும். இன்ஸ்பெக்டரின் முகம் சிவந்து கிடந்தது. "யாரக் கேட்டுய்யா தந்தி குடுத்தே?" மேஜை மேல் ஒரு மெமோவை வீசினார். மூன்று நாளைக்குள் நேரில் வந்து பதில் கொடுக்க வேண்டும், தவறினால் வேலை இல்லை. "பாலை எடுத்துக்கிட்டுப் போ. வீணாப்போனா அதுவும் ஒன் தலையிலதான்."

பதினாலு மைல், பங்குனி வெயில். வழியில் கிணறு கண்ட இடமெல்லாம் இறங்கித் துணியை நனைத்தார். மருதங்குடி போய்ச் சேரும்போது மணி நாலு. கோயில் முன்னால் கூட்டம். பூசாரி மதுரைவீரன் தாம்பாளத்தில் மஞ்சள் துணியோடு நின்றார். சைக்கிளைப் பார்த்ததும் ஒருத்தன் கத்தினான்: "போன தடவ குத்துனது என்னாச்சு? எதுக்கு மறுபடி வர்ரீரு?"

போன தடவையும் நல்ல பால்தான், இது கூடுதல் பாதுகாப்பு என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆபீசில் அப்படித்தான் சொல்லச் சொல்வார்கள்.

"அந்தப் பால் கெட்டுப்போச்சுங்க" என்றார் சேவுகன். "கெட்டிருக்கும்னு எனக்கு அப்பவே பட்டுச்சு. மேல இருக்கிறவருக்குப் பயந்துக்கிட்டுக் குத்திட்டேன். தப்பு என்னோடதுதான்."

செங்கமலம் அவரை வெறித்துப் பார்த்தாள். அடித்துவிடுவாளோ என்றுகூட அவருக்குத் தோன்றியது. பிறகு மகனை முன்னே தள்ளி, அவன் கையைப் பிடித்து நீட்டினாள். "குத்துங்க. இந்தவாட்டி பயந்துக்கிட்டுக் குத்தாதீங்க."

"வெளக்கு வைக்கிற வரைக்கும் பொறுக்குறேன்" என்றார் மதுரைவீரன். "அதுக்கு மேல ஆத்தா பொறுக்கமாட்டா."

ஒவ்வொரு பிள்ளையாக வந்தது. அலறியது, உதைத்தது. முப்பது முடியும்போது பொழுது சாய்ந்துவிட்டது. முப்பத்தாறில் ரிஜிஸ்டரில் எழுத்துத் தெரியவில்லை. சேவுகன் நிமிர்ந்து பார்த்தார். பூசாரி தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மேற்கே பார்த்தபடி நின்றார். ஒரு குச்சியை எடுத்தார், திரும்பப் பெட்டியிலேயே போட்டார். இன்னொன்றை எடுத்தார், அதையும் போட்டார். முப்பத்தொன்பதாவது பிள்ளை அழுதுகொண்டே ஓடிய பிறகுதான் குச்சியை உரசி விளக்கை ஏற்றினார்.

சேவுகன் ஊசியையும் கலயத்தையும் எடுத்துக் கட்டுவதற்குள் காப்புக் கட்டியாயிற்று. அந்த ஊர் வழக்கப்படி, கட்டும்போது எல்லைக்குள் இருப்பவர் யாராக இருந்தாலும் திருவிழா முடியும்வரை வெளியே போகக்கூடாது. "எனக்கு மூணு நாள்தாங்க கெடு. வேலை போயிருங்க" என்று கெஞ்சினார். "அம்மை குத்துற நீங்களே தாண்டிப் போனா, நாளைக்கு எந்தப் புள்ளைக்குக் காச்சல் வந்தாலும் ஒங்க ஊசியத்தான சொல்லுவாக" என்றார் பூசாரி. சேவுகன் சைக்கிளை மறுபடி ஸ்டாண்டு போட்டார். மூன்றாம் நாள் பூராவும் எல்லைக்கல் பக்கத்திலேயே உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டாம் நாள் காப்பு அவிழ்த்ததும் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். முப்பத்தெட்டுக் கைகளில் நல்ல கொப்புளம். ஒன்றில் இல்லை. முப்பத்தெட்டு என்றே எழுதினார். மிச்சமிருந்த ஒரு பிள்ளைக்கு அங்கேயே மறுபடி குத்திவிட்டுக் கிளம்பினார்.

"மூணு நாள்னுதான போட்டிருந்தேன்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"காப்புக் கட்டிட்டாங்க சார்." சேவுகன் ரிஜிஸ்டரையும் பதிலையும் மேஜையில் வைத்தார். ஆறு வருஷமாக ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றும் வரவில்லை. "பால் நாலு நாள் பீரோவுல இருந்துச்சு சார். சாவி ஒங்ககிட்ட இருந்துச்சு. அதையும் எழுதியிருக்கேன்" என்று மெதுவாகத்தான் சொன்னார்.

வேலை போகவில்லை. கேட்ட விளக்கத்தோடு சேவுகன் எழுதியதும் சென்னைக்குப் போயிற்று; படித்தவர்கள் யாரையும் பாராட்டவும் இல்லை. பதினைந்தாம் நாள் கோட்டைப்பட்டினத்துக்கு மாற்றல் வந்தது. அதே டெம்பரவரிதான், இன்ஸ்பெக்டர் மட்டும் வேறு. அழகம்மாள் பாத்திரங்களை மூட்டை கட்டும்போது கொஞ்சம் அழுதாள்.

கடலோரத்தில் முதல் நாள் காலை, கலயத்தைக் கட்டிக்கொண்டு சேவுகன் சைக்கிளில் ஏறினார். ஊர் தாண்டியதும் பழக்கத்தில் வாயைத் திறந்தார். சொல்ல ஒன்றும் இல்லை. மூடிக்கொண்டு மிதித்தார்.