டீச்சர் தூளில் உப்பு இல்லை

பன்னிரண்டு நாளுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நம் பழைய ஆசிரியர்கள் குழுவில் அந்தச் செய்தி வந்தது. "இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். கீழக்கரை ஜீனத் டீச்சர் மவுத். இன்று ளுஹர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம்." நெஞ்சு வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். நீங்கள் ஒவ்வொருவராகக் கைகூப்பிய படத்தையும் இரண்டு வரி வருத்தத்தையும் போட்டீர்கள். நான் ஒன்றும் போடவில்லை. அதே குழுவில் விரலால் தள்ளிக்கொண்டே மேலே போனால், இரண்டு வருடத்துக்கு முந்தைய கோடையில் டீச்சரைப் பற்றி நான் எழுதிய ஒன்று இன்னமும் அப்படியே கிடக்கிறது. அதை அங்கே வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு அஞ்சலி எழுதுவது? ஆனாலும் எழுதத்தான் வேண்டும். உங்களிடம்தான் எழுத வேண்டும்.

ராமநாதபுரத்தில் நம் பள்ளியில் அவர் கணக்கு, நான் இயற்பியல். பதினோரு வருடம் ஒரே ஓய்வறை. தினமும் கீழக்கரையிலிருந்து பஸ்ஸில் வருவார்; பையில் சின்ன பிளாஸ்கில் டிகாஷன் இருக்கும். நம்மில் அதைக் குடிக்காதவர் யாரும் இல்லை. நம் விளையாட்டு ஆசிரியர் கல்யாணமான புதிதில் மதுரையிலிருந்து ஒரு பித்தளை ஃபில்டர் வாங்கிவந்து மேசையில் வைத்தது நினைவிருக்கிறதா? குடம் மாதிரி இருந்தது. டீச்சர் அதன் மேல்தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஓட்டைகள் ஒரே சீராக இருக்கின்றனவா என்று பார்த்தார். பிறகு கேட்டார்: "எத்தனை பேரு சார் குடிப்பீங்க?" நானும் அவளும்தான் என்றார் அவர், வெட்கத்தோடு. "அப்ப இது கல்யாண வீட்டுக்கு ஆகும். ரெண்டு பேருக்கான தூளு இதுல அடியைக்கூட மறைக்காது. தண்ணி நிக்காம ஓடிரும். போய்ச் சின்னதா மாத்திட்டு வாங்க." மாற்றிக்கொண்டு வந்தார். இன்றைக்கும் அதில்தான் காபி போடுகிறார் என்று கேள்வி.

யார் எந்தச் சாமான் வாங்க யோசனை கேட்டாலும் டீச்சர் சொல்வது ஒன்றுதான். "சாமான் கடைசி சார். மொதல்ல தண்ணி, பொறவு தூளு. இது ரெண்டும் சரியா இருந்தா வேட்டித் துணியில வடிச்சாலும் காபி காபிதான்." நான் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். நான் சாமான் கட்சி. எதை வாங்குவதென்றாலும் பத்து இடத்தில் படித்து, ஒப்பிட்டுப் பார்த்து, மற்றவர்களுக்கும் பிரசங்கம் செய்கிற ஆள். உங்களில் பாதிப் பேர் வீட்டு மிக்ஸி என் சிபாரிசு என்பதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

வெளிநாட்டில் வேலை பார்த்த டீச்சரின் கணவர் காதர் பாய் முதுகெலும்பில் அடிபட்டுத் திரும்பி வந்ததும், அவரைப் பார்த்துக்கொள்ள டீச்சர் விருப்ப ஓய்வு வாங்கினார். அதற்குப் பிறகுதான் வீட்டிலேயே கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்க ஆரம்பித்தார். காக்கிக் காகிதப் பொட்டலம். அதன் மேல் பேனாவால் வறுத்த நாளும், எந்த வீட்டுக்கு என்பதும் இருக்கும். பதினைந்து நாளைக்கு மேல் வைத்துக் குடிக்காதீர்கள், வாசம் போன பிறகு அது வெறும் கசப்பு என்று ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்வார். வாங்கியவர்கள் பெரும்பாலும் நாம்தான். ஆசிரியர் வீடுகளை நம்பித்தான் அந்தச் சட்டி அடுப்பில் ஏறியது.

அந்தச் சமயத்தில்தான் நம் தமிழாசிரியர் வீட்டுப் புதுமனை விழாவில் யாரோ தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி பற்றிக் கேட்டார்கள். புற ஊதாக் கதிர் கருவியே போதும் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். மற்ற வகை பாதித் தண்ணீரைச் சாக்கடையில் விடுகிறது, நம் ஊரில் அது பாவம் என்றேன். கூட்டத்திலிருந்து டீச்சர் மெதுவாக, "சார், அது உப்ப எடுக்குமா?" என்று கேட்டார். நம் ஊரில் பிறந்த எவரும் கேட்க வேண்டிய முதல் கேள்வி. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டீச்சர், நீங்க கணக்கப் பாருங்க. இயற்பியல எங்கிட்ட விட்டுருங்க." எல்லாரும் சிரித்தீர்கள். அவரும் சிரித்தார். அந்தக் கதிர் கிருமியைத்தான் கொல்லும், உப்பை ஒன்றும் செய்யாது. பத்தாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? அந்த நேரத்தில் எனக்குப் பேசுவதுதான் முக்கியமாக இருந்தது. அன்றைக்கு என் பேச்சை நம்பி எட்டு ஒன்பது வீடுகளில் அந்தக் கருவி வாங்கினீர்கள்.

நானும் வாங்கி மாட்டினேன். கூடவே காபி போடும் மின்சார இயந்திரம் ஒன்றும் வந்தது. சுத்திகரித்த தண்ணீரையே ஊற்றவும் என்று அதன் புத்தகத்தில் இருந்ததால், கருவியில் பிடித்து அதில் ஊற்றினேன். குடிக்க மட்டும் எங்கள் வீட்டில் எப்போதும் போல கேன் தண்ணீர்தான். ஐந்தாறு மாதம் காபி அருமையாக இருந்தது. வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்துப் போட்டுக் கொடுத்தேன். பிறகு கோடை வந்தது. குழாய்த் தண்ணீர் வாரம் ஒருமுறை என்றாகி, அதுவும் நின்றது. நம் எல்லார் வீட்டிலும் நடக்கிற மாதிரி எங்கள் வீட்டிலும் போர் மோட்டாரைப் போட்டு மாடித் தொட்டியை நிரப்பினோம். என் மனைவி செல்வி, "கருவித் தண்ணி கரிக்குதுங்க, நல்ல தண்ணிய ஊத்துங்க" என்று சொன்னாள். குடிக்கவா போகிறோம், இயந்திரத்துக்குத்தானே என்றேன். அதே வாரம் டீச்சர் அனுப்பிய புதுப் பொட்டலத்தைப் பிரித்தேன். காபி வாயில் வைக்க விளங்கவில்லை. உப்பு.

உடனே கைபேசியை எடுத்தேன். நான் எழுதியதை நீங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. "நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஜீனத் டீச்சர் தூளில் உப்புக் கரிக்கிறது. எடை கூட்டுவதற்காக எதையோ சேர்க்கிறார்கள் போலிருக்கிறது. பார்த்து வாங்கவும்." அந்தக் குழுவில் டீச்சரும் இருக்கிறார் என்பது எழுதும்போது எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை தனியாகக் கேட்டிருக்கலாம். பதினோரு வருடம் அவர் கையால் காபி குடித்தவன் நான். கட்டைவிரலைத் தூக்கி ஆமோதித்தவர்கள் சிலர். பேசாமல் இருந்தவர்கள் பலர். டீச்சர் குழுவில் ஒன்றும் எழுதவில்லை.

நாலாம் நாள் முற்பகலில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். பையில் ஒரு பாட்டில் தண்ணீர், அவருடைய சின்னப் பித்தளை ஃபில்டர். முகத்தில் கோபம் இல்லை. நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன், அவரோ செல்வியிடம், "அந்தப் பொட்டலம் இருக்காம்மா?" என்றார். நான் குறை சொன்ன அதே தூள். அதைப் போட்டு, அழுத்தாமல் லேசாகச் சமன் செய்து, தான் கொண்டுவந்த தண்ணீரைக் காய்ச்சி ஊற்றினார். டிகாஷன் இறங்குகிற வரைக்கும் எங்கள் மகனின் படிப்பு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பிறகு பாலைச் சேர்த்து எனக்கு ஒரு டம்ளர் கொடுத்தார். அது பள்ளி ஓய்வறைக் காபி. உப்பும் இல்லை, ஒன்றும் இல்லை.

நான் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் டீச்சர் எங்கள் கருவியின் குழாயைத் திறந்து உள்ளங்கையில் கொஞ்சம் பிடித்தார். நாக்கில் தொட்டுப் பார்த்தார். "நீங்களும் பாருங்க சார்." பார்த்தேன். கடற்கரையில் பிடித்த மாதிரி கரித்தது. செல்வி என் பக்கம் திரும்பவே இல்லை. "தலபாடா அடிச்சுக்கிட்டேன் டீச்சர். இவரு கேட்டாத்தானே" என்றாள்.

தப்பு என்னுடையதுதான், இன்றைக்கே குழுவில் மாற்றி எழுதிவிடுகிறேன் என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். டீச்சர் மிச்சமிருந்த பாட்டில் தண்ணீரில் ஃபில்டரைக் கழுவினார். உப்புத் தண்ணீரில் கழுவினால் ஓட்டையில் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும் என்று செல்விக்கு அப்போதும் ஒரு பாடம் சொன்னார். கிளம்பும்போது என்னிடம், "நீங்களே எழுதுங்க சார். நான் எழுதுனா சண்டையாப் போயிரும்" என்றார்.

அன்று மாலை எழுத உட்கார்ந்தேன். தண்ணீர்தான் காரணம் என்று எழுதினால் எந்தத் தண்ணீர் என்று கேட்பீர்கள். கருவித் தண்ணீர் என்றால், அந்தக் கருவியை எங்கள் தலையில் கட்டியது யார் என்று கேட்பீர்கள். அழித்தேன். "தூளில் குறை இல்லை என்று தெரிகிறது" என்று பூசி மெழுகி ஒன்று எழுதினேன். அதையும் அழித்தேன். நாளைக்கு எழுதலாம் என்று வைத்தேன். மறுநாள் யாரோ கல்யாணப் பத்திரிகை போட்டார்கள், அடுத்த நாள் ஊதிய உயர்வுச் செய்தி. என் எச்சரிக்கை மேலே போய்க்கொண்டே இருந்தது. எனக்கும் வசதியாகப் போயிற்று. "எழுதிட்டீங்களா?" என்று செல்வி ஒரே ஒரு முறைதான் கேட்டாள். எழுதுகிறேன் என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்காததுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

இதைவிடக் கேவலமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தூளை நான் விடவில்லை. என் கொழுந்தியாள் பெயரில் செல்வியை விட்டு வாங்கினேன். இயந்திரத்தில் கேன் தண்ணீரை ஊற்றினேன். காபி முன்னைவிடவும் நன்றாக வந்தது. வீட்டுக்கு வந்த உங்களில் சிலர், என்ன மெஷின் சார் இது என்று வியந்தீர்கள். எந்தக் கடையில் கிடைக்கும் என்று சொன்னேன். யார் தூள் என்று சொல்லவில்லை.

ஒருமுறை ராமநாதபுரம் பஸ் நிலையத்தில் டீச்சரைப் பார்த்தேன். ஒளிய இடம் இல்லை. நலம் விசாரித்தார். பிறகு, "மிஷின் எப்படி ஓடுது சார்?" என்றார். நல்லா ஓடுது டீச்சர் என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் சொல்லியிருக்கலாம். "பஸ் வந்துருச்சு, வாரேன் சார்" என்று ஏறிப் போனார். அதுதான் கடைசி.

அடக்கத்துக்கு நான் போகவில்லை. போகத் தைரியம் வரவில்லை. மூன்று நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, கீழக்கரைக்குப் போனேன். காதர் பாய் இடுப்பில் பெல்ட் போட்டு நாற்காலியில் இருந்தார். நம் வீடுகள் ஒவ்வொன்றாகத் தூள் வேண்டாம் என்று சொன்னபிறகு டீச்சர் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்ததையும், அக்கம்பக்கம் நாலு வீட்டுக்கு மட்டும் வறுத்ததையும் குறை சொல்கிற தொனியே இல்லாமல் சொன்னார். பிறகு அலமாரியைக் காட்டி, அங்கன ஒரு பொட்டலம் இருக்கு, எடுங்க சார் என்றார். டீச்சர் இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, வறுத்தது. காகிதத்தின் மேல் டீச்சர் கையெழுத்து: "சார் வீடு. மிஷினுக்கு. நைஸ்."

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காதர் பாய்தான் விளக்கினார். "ஒங்க கொழுந்தியா பேருலதான் கேட்டு வரும். இவளுக்குத் தெரியும் சார். ஃபில்டர் தூளு மிஷினுக்கு ஆகாதுன்னு ஒங்களுக்கு மட்டும் தனியா நைசா அரைப்பா." இரண்டு வருடமாக இயந்திரம் நன்றாக ஓடியதற்கு அதுதான் காரணம். என்னைப் பற்றி டீச்சர் ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் சொன்னார்: "சொல்லுவா. சார் எழுதுவாரு, கூச்சப்படுறாரு, கொஞ்ச நாளாகும்னு சொல்லுவா."

நாளாகிவிட்டது டீச்சர்.

நண்பர்களே, ஜீனத் டீச்சர் தூளில் உப்பு இல்லை. எதுவும் கலக்கவும் இல்லை. உப்பு என் வீட்டுத் தண்ணீரில் இருந்தது. நான் சொல்லி நீங்கள் வாங்கிய கருவி உப்பை எடுக்காது. இது தெரிந்த பிறகும் இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். எச்சரிக்கை எழுத எனக்கு ஒரு நிமிடம் ஆனது. இதை எழுத அவர் சாக வேண்டியிருந்தது. நம் வீடுகளில் யார் டீச்சர் பெயரைச் சொன்னாலும், உப்புக் காபி என்று யாராவது சிரித்தாலும், இதை எடுத்துக் காட்டுங்கள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, காபி போடுமுன் உள்ளங்கையில் துளித் தண்ணீரைப் பிடித்து நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம். அப்புறம் இந்தப் பொட்டலம். நினைவுக்காகப் பிரிக்காமல் வைத்துக்கொள்ளலாமா என்று செல்வியிடம் கேட்டேன். டீச்சர் இருந்தா திட்டுவாக என்றாள். வறுத்து நாளையோடு பதினைந்து நாள். இதைக் குழுவில் போட்டுவிட்டு, நல்ல தண்ணீரைக் காய வைத்து, அதைப் பிரிக்கப் போகிறேன்.