பேட்டரி மிச்சம்

ஃப்ரீமாண்ட்டில் வேலாயுதம் வீட்டில் ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்ததே கிடையாது. ஈரோட்டுச் சிக்கனம், மனைவி பூங்கோதைக்கும் அது தொற்றியிருந்தது.

1998 பிப்ரவரியில் இருவரும் ஆபீஸ் நண்பர்களோடு சியெரா மலையில் பனிநடை போனார்கள். பனிச்சரிவில் புதைந்தால் கண்டுபிடிக்க, ஒன்றின் சிக்னலை இன்னொன்று பிடித்துக் கத்தும் பீக்கன் கருவி ஆளுக்கொன்று மார்பில் இருந்தது. சாப்பிட உட்கார்ந்ததும் வேலாயுதம் தன்னுடையதை அணைத்தார்.

"சும்மா எதுக்கு ஓடோணும்? கெளம்பறப்ப போட்டுக்கலாம்."

பூங்கோதைக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கிளம்பும்போது மறந்தே போனார். சரிவைக் கடக்கையில் பனி பெயர்ந்து அவரை மட்டும் வாரிக்கொண்டு போனது. பூங்கோதை தன் கருவியோடு இருட்டும்வரை தேடினாள். அது வாயே திறக்கவில்லை.

மே மாதம் பனி உருகித்தான் உடல் கிடைத்தது. போலீஸார் கொடுத்த அவருடைய கருவியில் சுவிட்சைப் போட்டுப் பார்த்தாள்.

சின்னச் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது.