மூன்று முடிச்சுப் போட்ட தூளி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கதை கட்டத் தெரியாது. பகலில் போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் பில் போடுகிறேன். மாலையில் அரசுத் தேர்வுக்கான வகுப்புக்குப் போகிறேன். தினமும் நடந்ததை ஒரு பக்கமாவது எழுதுங்கள், கை பழகும் என்று வகுப்பில் சொன்னார்கள். அதனால் எழுதுகிறேன். கடைக் கதவைப் பூட்டிவிட்டு, பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். என் கண்ணையே நான் முழுதாக நம்புவதில்லை.

ஆனால் இது நடந்தது. வேறு விதமாக விளக்க முடியுமா என்று இன்று வரை தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைக்கவில்லை.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முத்துக்கண்ணன் மாமா புதிதாக ஒரு பழைய கார் வாங்கியிருந்தார். மாமா என் அக்கா அனுசியாவின் வீட்டுக்காரர். சிலமலையில் நாங்கள் எல்லாரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். காரை மலையில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அக்கா, மாமா, அவர்கள் மகள் தமிழினி, நான். காலையிலேயே புளிச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

தமிழினிக்கு இன்னும் இரண்டு வயது நிறையவில்லை. அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. தூங்கி எழுந்தால் அழ மாட்டாள். தூளிக்குள் படுத்தபடியே சேலையை நகத்தால் பிறாண்டுவாள். கரக் கரக்... கொஞ்சம் விட்டு, மறுபடி கரக் கரக்... யாராவது வந்து சேலையை விலக்கிப் பார்க்கும் வரை. முகத்தைக் கண்டதும் சிரிப்பாள்.

"எலி முழிச்சிருச்சு" என்பார் மாமா.

முந்தல் தாண்டி மலை ஏறத் தொடங்கியதுமே குழந்தை வாந்தி எடுத்தாள். போடிமெட்டு வருவதற்குள் அக்காவின் சேலையும் என் துப்பட்டாவும் நனைந்துவிட்டன.

"உங்க வம்சம் அப்படி. மாட்டுவண்டியில ஏறுனாலே மயக்கம் போடுற ஆளுக" என்றார் மாமா.

"நீங்க வளைவுல கொஞ்சம் மெதுவாப் போங்க. பிள்ளை மேல பழியப் போடாதீக" என்றாள் அக்கா.

பூப்பாறை போனோம். அங்கிருந்து ஒரு பாறை விளிம்புக்குப் போய், கீழே வெயிலில் கிடந்த எங்கள் ஊர்ப்பக்கத்தைப் பார்த்தோம். கால் கூசும் பள்ளம். அதுவரை எல்லாம் சாதாரணம்தான்.

திரும்பும்போது மூடுபனி இறங்கியது. குழந்தை பகல் முழுவதும் தூங்கவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

"எங்கயாச்சும் ஓரமா நிப்பாட்டுங்க. இவ ஒரு கண்ணு அசந்தாத்தான் ஆச்சு" என்றாள் அக்கா.

ஒரு ஏலத்தோட்டத்து ஓரம் காரை நிறுத்தினார் மாமா. தோட்டத்துக்கு அந்தப் பக்கம் மலை அப்படியே அறுந்து பள்ளமாக இறங்கியது. நான் கை கழுவ இறங்கினேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன்.

ஏலச்செடிகளுக்கு நடுவே ஒரு பலாமரம். பள்ளத்தின் பக்கம் நீண்ட தாழ்ந்த கொப்பு. அதில் கயிறு போட்டுக் கட்டிய ஒரு தூளி. பச்சைச் சேலை. நடுவில் முடிச்சுப் போட்டிருந்தது.

அது எங்களுக்குப் புதிதாகத் தெரியவில்லை. ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தையைக் கொண்டுபோனால், மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டுத்தான் வேலை பார்ப்பார்கள். முடிச்சும் புதிதல்ல. பிள்ளை இல்லாத வெறுந்தூளியை ஆட்டக்கூடாது என்று எங்கள் வீட்டிலும் முடிச்சுப் போட்டுத்தான் வைப்போம். பிள்ளையைப் போடும்போது அவிழ்ப்போம். அவ்வளவுதான்.

அக்காவின் முகம் தெளிந்தது. "தூளின்னா ரெண்டு ஆட்டுல தூங்கிருவா."

"யாரோடதோக்கா..."

"இருந்துட்டுப் போகட்டும். இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. யாரு வந்து வாடகை கேக்கப் போறா?" என்றபடி மாமா முடிச்சை அவிழ்க்கப் போனார்.

நேரம் ஆனது. ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று முடிச்சுகள். வீட்டில் நாங்கள் ஒன்றுதான் போடுவோம். கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தார்.

"மூணு முடிச்சு. தூளிக்குத் தாலியே கட்டிருக்காக" என்று சிரித்தார்.

நான் சேலையைத் தொட்டுப் பார்த்தேன். அந்தப் பனியில் எந்தத் துணியும் ஒரு வாரத்தில் கறுத்துப் புள்ளி விழுந்துவிடும். இதில் ஒரு புள்ளி இல்லை. பூஞ்சை வாடையும் இல்லை. பால் வாடைதான் வந்தது. அப்போதுதான் ஒரு பிள்ளையை வெளியே எடுத்தது போல.

என் துப்பட்டாவில் இருந்த வாந்தி வாடையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா சொன்னது போலவே இரண்டு ஆட்டில் தமிழினி தூங்கிவிட்டாள். நாங்கள் மூவரும் சாலையோரம் உட்கார்ந்து முறுக்கைக் கடித்தோம். பனி அடர்ந்தது. தூளி ஒரு பச்சை நிழல் போல மட்டும் தெரிந்தது. ஆடிக்கொண்டிருந்தது.

கிறீச்... கிறீச்...

நல்ல தூக்கம் என்று நினைத்தேன்.

பிறகுதான் உறைத்தது. நாங்கள் மூவரும் இங்கே இருக்கிறோம்.

கிறீச்... கிறீச்...

காற்றா? பக்கத்தில் இருந்த ஏலச்செடிகளைப் பார்த்தேன். ஓர் இலை அசையவில்லை. அக்கா செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சத்தம் நின்றது.

ஆடுகிற தூளி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிற்கும். இது சட்டென்று நின்றது. யாரோ கையால் பிடித்தது போல...

"அக்கா, போதும். பிள்ளையை எடுத்துரலாம்."

"இப்பத்தானடி தூங்குனா."

"மழை வருது."

மழை வரவில்லை. எனக்கு வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

அக்கா போய்ச் சேலையை விலக்கினாள். குழந்தை விழித்திருந்தாள். கண்கள் அகலத் திறந்திருந்தன. பிறாண்டவில்லை. அக்காவின் முகத்தைக் கண்டும் சிரிக்கவில்லை.

"முழிச்சுட்டியா தங்கம்" என்று தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அக்கா திரும்பி நடந்தாள்.

நான் தூளியைப் பார்த்தேன்.

பிள்ளையை எடுத்தால் தூளி மேலே எழும். சேலை தளரும். பிள்ளை வளர்த்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

இது எழவில்லை.

முன்பு எப்படித் தொங்கியதோ அப்படியே தொங்கியது. கயிறு விறைத்து நின்றது. அடிப்பக்கம் உருண்டு புடைத்திருந்தது.

இரண்டு எட்டு வைத்தால் சேலையை விலக்கிப் பார்த்திருக்கலாம். கையைக்கூட நீட்டினேன்...

"சுஜா, வெரசா வா. பனியில ரோடு தெரியாது" என்று மாமா ஹாரன் அடித்தார்.

ஈரத்துணி கனக்கும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு காரில் ஏறினேன்.

இறங்கும்போது குழந்தை ஒருமுறைகூட வாந்தி எடுக்கவில்லை. எல்லா வளைவுகளிலும் பின் கண்ணாடி வழியாக மலையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"பாத்தியா, மலைக்காத்து ஒத்துக்கிருச்சு" என்றார் மாமா.

வீட்டுக்கு வந்து அக்கா எங்கள் தூளியின் முடிச்சை அவிழ்த்தாள். குழந்தை உடம்பை விறைத்துக்கொண்டு அலறியது. தூளியைப் பார்த்து, அதன் நடுப்பகுதியைக் கை காட்டி அலறியது. என்னவென்று எங்களுக்குப் புரியவில்லை. அலுத்துப்போய் அக்கா மறுபடி முடிச்சுப் போட்டாள்.

அழுகை நின்றது. அந்த நொடியே.

அதற்குப் பிறகு அது தூளியில் படுக்கவே இல்லை. பாயில்தான் படுத்தது. காலையில் நான் எழும்போது, எனக்கு முன்பே விழித்து, கூரையைப் பார்த்தபடி கிடக்கும். ஒரு நாள்கூடப் பாயைப் பிறாண்டவில்லை. தெருவில் போகும் கறுப்பு நாயைக் கண்டால் முன்பெல்லாம் கையை ஆட்டிக் கூப்பிடுவாள். இப்போது திரும்பிப் பார்ப்பதில்லை. நாயும் எங்கள் வாசலுக்கு வருவதில்லை.

பிள்ளைகள் மாறும். எனக்கும் தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லலாம். சொல்லியும் பார்த்தேன். இருந்தாலும் ஒரு நாள் குழந்தை கொல்லையில் விளையாடும்போது, சோதித்துப் பார்க்கலாம் என்று சத்தமில்லாமல் தூளியின் முடிச்சில் கை வைத்தேன். முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது போல் இருந்தது. திரும்பினேன்.

நிலைப்படியில் குழந்தை நின்றது. அழவில்லை. என் கையைத்தான் பார்த்தது.

நான் கையை எடுத்துவிட்டேன்.

அக்காவிடம் சொன்னேன். "பிள்ளைன்னா நாளுக்கு ஒண்ணு மாறும்டி. பரீட்சைக்குப் படிக்கிறதோட நிறுத்து. என் பிள்ளையைப் படிக்காத" என்றாள்.

ஆனால் மலைக்குப் போய் வந்ததிலிருந்து அக்கா குழந்தையைச் சுவரோரம் தள்ளிப் படுக்க வைத்து, நடுவில் ஒரு தலையணையை வைக்கிறாள். ஏன் என்று கேட்டேன். உருண்டு வந்து உதைக்கிறாள் என்றாள். நானும் அந்த அறையில்தான் படுக்கிறேன். குழந்தை உருண்டு நான் பார்த்ததே இல்லை.

இரண்டு வாரம் பொறுத்தேன். பிறகு, போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

காலையில் தோட்டத்து ஜீப்பு எங்கள் ஊருக்குள் வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போகும். பக்கத்துத் தெரு சுருளியம்மாள் அதில்தான் காய் எடுக்கப் போகிறார். அவரிடம் போய் நின்றேன்.

"நானும் வர்றேன் மதினி."

"எதுக்குத்தா? காய் எடுக்கவா? இந்த வெரலை வச்சுக்கிட்டா?" என்று சிரித்தார். பக்கத்தில் நின்ற பெண்களும் சிரித்தார்கள்.

நான் இடத்தைச் சொன்னேன். பள்ளத்து ஓரம். பலாமரம். பச்சைச் சேலை.

வெற்றிலை மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. என் கையைப் பிடித்துத் தள்ளிக் கூட்டிப்போனார்.

"முடிச்சை யாரு அவுத்தது?"

முடிச்சைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

"மாமா" என்றேன்.

ஜீப்பின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அது எங்களுக்கு முந்தி நடந்தது. ஒருத்தி பிள்ளையை அந்த மரத்துல போட்டுட்டுக் காய் எடுத்திருக்கா. பனி எறங்கிருச்சு. வெரசா வந்து பிள்ளையைத் தூக்கிட்டு ஜீப்புல மலை எறங்கிட்டா. வீட்டுக்கு வந்ததும், இது எம்பிள்ளை இல்லைன்னு ஒரே பேச்சு. யாரு நம்புவா? திரும்ப மலைக்கு ஏறிப் போனவதான். வரல. அதுலருந்து அந்தக் கொப்புல தூளி கெடக்கு. யாரு கட்டுறாகன்னு யாருக்கும் தெரியாது. அவுந்து கெடந்தா மூணு முடிச்சுப் போட்டுரணும். உள்ள பாக்கக்கூடாது. அம்புட்டுத்தான் எங்களுக்குச் சொன்னது."

"நாங்க போயிட்டு வந்த பிறகு... அவிழ்ந்து கெடந்துச்சா?"

"மறுநாள் காலையில போறோம், அவுந்து கெடக்கு. நானும் மூக்கம்மாளும்தான் கண்ணை மூடிக்கிட்டு முடிச்சுப் போட்டோம்." வெற்றிலையைத் துப்பினார். "ஆனா ஒண்ணுத்தா. எப்பயும் வெறுஞ்சேலையாத்தான் இருக்கும். அன்னைக்குக் கனத்துச்சு."

ஜீப்பு ஹாரன் அடித்தது.

"உள்ள அணிலு பூந்திருக்கும்னு மூக்கம்மா சொன்னா."

"அணிலா?"

"ஆமா. சேலையப் பிறாண்டிக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு தரம்... கொஞ்சம் விட்டு ரெண்டு தரம். முடிச்சை இறுக்குற வரைக்கும்."

"இப்பவும் இருக்கா மதினி?"

"எங்கிட்டு இருக்கு? அன்னைக்கு ராத்திரி மழைக்கு அந்தக் கொப்பே ஒடிஞ்சு பள்ளத்துல போயிருச்சு. தூளியோட."

அவர் ஏறிக்கொண்டார். ஜீப்பு போய்விட்டது. நான் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்தேன். வாசலில் உட்கார்ந்து அக்கா குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. இட்லியைப் பிய்த்து, பிய்த்ததையே மறுபடி பிய்த்தாள்.

"அன்னைக்கு அந்தத் தூளி மேல எந்திரிக்கல..." என்றாள், தட்டைப் பார்த்தபடி. "நானும் திரும்பிப் பாத்தேன்."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

குழந்தை என்னைப் பார்த்தது. அக்காவைப் பார்த்தது. பிறகு வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது.

அக்கா ஊட்டினாள்.