மாப்பிள்ளை விசாரிக்க மெடலினுக்கு

கொலம்பியாவின் மெடலின் நகரத்தில் நான் மொத்தம் ஆறு நாள் நின்றேன். திரும்பி வந்த பிறகு, கிளிநொச்சிப் பக்கம் எங்கள் ஊரான முரசுமோட்டையில் கேட்டவர்களுக்கெல்லாம் இடம் பார்க்கப் போனதாகத்தான் சொன்னேன். அது பாதி உண்மை. மற்றப் பாதியை எழுத அக்காவிடம் அனுமதி கேட்கவில்லை. நான் எழுதிய எதையும் அக்கா வாசித்தது கிடையாது. எங்களுக்குள் இன்னும் பேச்சுவார்த்தை இருப்பதற்கு அதுவே காரணம்.

அக்கா ரொறன்ரோவில் இருக்கிறார். போன வருடம் அவரைப் பார்க்கப் போயிருந்தபோதுதான் இந்த வில்லங்கம் தொடங்கியது. அவருடைய மகளுக்கு, அதாவது என் மருமகளுக்கு, எங்கேயிருந்தும் செய்யக்கூடிய கணினி வேலை. உலகத்தில் இவ்வளவு ஊர் இருக்க, அவள் மூன்று மாதம் இருந்து பார்க்கலாம் என்று மெடலினைத் தேர்ந்தெடுத்தாள். அங்கே இடம் பார்க்கப் போன முதல் நாள் வழிகாட்டியாக வந்தவன் ஒரு பெடியன். மூன்று மாதம் இரண்டு வருடமானது. பிறகு, நான் அக்கா வீட்டில் நின்ற ஒரு நாள், தை மாதம் கலியாணம் என்று தொலைபேசியில் அறிவித்தாள்.

அக்காவுக்கு இரண்டு ஆட்சேபனைகள். ஒன்று அந்த ஊர். அதைப் பற்றி அக்கா அறிந்ததெல்லாம் தொலைக்காட்சித் தொடர்களில் இருந்துதான்: தூள், துவக்கு, தடித்த மீசை. எந்த நேரமும் வெடிச்சத்தம் கேட்கிற ஊருக்கு யாராவது பெண் கொடுப்பார்களா என்று கேட்டார். எங்கள் ஊரைப் பற்றியும் ஆட்கள் அப்படித்தானே கதைத்தார்கள் என்றேன். எங்கட ஊர் வேறயடா என்றார். இரண்டாவது ஆட்சேபனை அவனுடைய தொழில். அந்த நகரத்தில் ஒருகாலத்தில் சண்டை மூண்டு நாறிப்போன மலைச்சரிவு ஒன்றைத்தான் அவன் வெள்ளைக்காரர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். "சனம் செத்த இடத்தைக் காட்டிச் சீவிக்கிறது ஒரு தொழிலோ?" என்பது அக்காவின் கேள்வி. அத்தானுக்கு இந்த விடயத்தில் அபிப்பிராயம் எதுவுமில்லை. அவர் அக்காவோடு முப்பது வருடம் குடும்பம் நடத்தியவர்.

கலியாணம் நடக்கத்தான் போகிறது என்று மருமகள் சொல்லிவிட்டாள். அம்மா வராமல் எப்படி மணவறையில் இருப்பேன் என்று கேட்டு அழவும் செய்தாள். அக்கா அசையவில்லை. பெடியனுடைய ஆட்களை விசாரிக்காமல் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் பக்கம் கலியாணம் பேசினால், இரு வீட்டாரும் சேர்ந்து பலகாரம் சாப்பிடுவதற்கு முன்னர், பெண் வீட்டிலிருந்து ஒருவர் ஓசைப்படாமல் மாப்பிள்ளையின் ஊருக்குப் போய்வருவார். மாப்பிள்ளை வீட்டை மட்டும் எட்டிப்பார்க்கமாட்டார். சந்திக் கடையில் ஒரு தேத்தண்ணி, சலூனில் ஒரு சவரம், பக்கத்து வளவுக்காரரோடு வேலியடியில் நின்று மழையைப் பற்றிக் கொஞ்சக் கதை. அதற்கிடையில், பெரிய அக்கறை இல்லாதவர்போல, அந்த வீட்டார் ஆட்கள் எப்படி என்று ஒரு கேள்வி. அவர்களோடு வேலி எல்லைச் சண்டைக்காரர் ஒருவர் கிடைத்துவிட்டால் அதிர்ஷ்டம். உண்மை முழுவதையும் சொல்லி, மேலதிகமாக அரைவாசியும் சேர்த்துத் தருவார்.

இந்தத் துறையில் எனக்கு ஒரு பெயர் உண்டு. நல்ல பெயர் என்று சொல்லமுடியாது. சித்தப்பாவின் மகளுக்குப் பேசிய மாப்பிள்ளையை விசாரிக்கப் பூவரசங்குளத்துக்கு என்னைத்தான் அனுப்பினார்கள். மரத்தடியில் ஒரு மனிதர் சைக்கிள் ரியூப் ஒட்டிக்கொண்டிருந்தார். அரை மணித்தியாலம் அவரோடு கதைத்தேன். குடி இல்லை, சூது இல்லை, தகப்பன் மனிதருக்குள் மாணிக்கம் என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கு மெய்சிலிர்த்தது. அந்த மனிதரை நான் அடுத்துக் கண்டது கலியாண மண்டபத்தில். பட்டு வேட்டி கட்டி, சந்தனம் பூசி, மாப்பிள்ளையின் தகப்பனாக வாசலில் நின்று என்னை வரவேற்றார். அந்தக் கலியாணம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. ஆனாலும் குடும்பத்தில் யாரும் அதை என் திறமைக் கணக்கில் எழுதுவதில்லை.

இருந்தும் அக்கா என்னையே தேர்ந்தெடுத்தார். வேலைவெட்டி இல்லாதவனும் விசா கிடைக்கக்கூடியவனுமாக அந்த வீட்டில் இருந்தவன் நான் ஒருவன்தான். மருமகளுக்கு, மாமா இடம் பார்க்க வருகிறார் என்று சொல்லப்பட்டது.

மெடலின் ஒரு பெரிய கிண்ணம். அடியில் நகரம், சுற்றிவர மலை, மலை முழுக்கச் செங்கல் வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கின்றன. மேலே இருப்பவர்கள் கம்பியில் தொங்கும் பெட்டிகளில் வேலைக்குப் போய்வருகிறார்கள். ஒரு சரிவில் திறந்தவெளியில் நகரும் படிகளே போட்டிருக்கிறார்கள். கிளிநொச்சியில் ஒரு கடையில் நகரும் படி வைத்தாலே சனம் குடும்பத்தோடு வந்து ஏறி இறங்கும். இவர்கள் மலைக்கே வைத்திருக்கிறார்கள். நகரத்தின் நடுவில் ஒரு சதுக்கம், அதில் கொழுத்த வெண்கலச் சிலைகள். வருகிறவர்கள் அதிர்ஷ்டத்துக்காகத் தொட்டுத் தொட்டுச் சில இடங்கள் மட்டும் பொன்னாய் மினுங்குகின்றன. எந்த இடங்கள் என்பதையும், நான் தொட்டேனா என்பதையும் இங்கே எழுதவில்லை.

மூன்றாம் நாள் காலை மருமகளோடு போய்ப் பெடியனுடைய சுற்றுலாவில் சேர்ந்துகொண்டேன். நெட்டையன், மெலிந்தவன், கையில் மஞ்சள் குடை. நாங்கள் பதினைந்து பேர்: ஒல்லாந்துக்காரர், ஜெர்மன்காரர், அமெரிக்காவிலிருந்து தேனிலவுக்கு வந்த ஒரு சோடி, முரசுமோட்டையிலிருந்து நான். சுவரெல்லாம் ஓவியம். கடைகளில் செத்துப்போன போதைப்பொருள் கடத்தல்காரனின் முகம் போட்ட பனியன்கள் தொங்கின. பெடியன் அவற்றை ஏறெடுத்தும் பார்க்காமல் கடந்து போனான். அதை அக்காவுக்குச் சொல்லவேண்டும் என்று குறித்துக்கொண்டேன். ஒரு மூலையில் மாங்காய் விற்றார்கள், உப்பும் தேசிக்காய்ப் புளியும் விட்டு. ஒல்லாந்துக்காரர் இப்படி ஒரு சுவை உலகத்தில் உண்டா என்று வியந்தார்கள். ஆனையிறவு உப்புக்குக் கிட்ட வராது என்று எனக்குள் தீர்ப்பு எழுதினேன்.

இந்தக் கூரைகளுக்கு மேலேதான் ஹெலிகொப்டர்கள் பறந்தன என்று பெடியன் காட்டினான். சூட்டை நிறுத்தச் சொல்லிச் சனம் யன்னல்களில் வெள்ளைத் துணி தொங்கவிட்டதாம். தேனிலவுச் சோடிக்குக் கண் கலங்கிவிட்டது. வெள்ளைத் துணி எவ்வளவு நேரத்துக்கு வேலை செய்யும் என்பது பற்றி எனக்கும் சில சொந்த அபிப்பிராயங்கள் உண்டு. ஒருவரும் கேட்கவில்லை. பிறகு எல்லோரும் ஓவியச் சுவர் ஒன்றுக்கு முன் நின்று பல்லைக் காட்டிப் படம் எடுத்தோம்.

பார்க்கப்படுகிற பக்கத்தில்தான் எனக்கு அனுபவம் கூடுதல். போர் முடிந்து, அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பிய காலத்தில் தெற்கிலிருந்து பேருந்து பேருந்தாக ஆட்கள் வந்தார்கள். பெரிய சண்டை நடந்த ஆனையிறவிலே படம் எடுத்து, கிளிநொச்சியில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியையும் எடுத்து, இன்னும் நேரம் மிஞ்சியவர்கள் எங்கள் ஒடுக்கமான ஒழுங்கைக்குள்ளும் வந்தார்கள். கூரையில்லாத வீட்டுக்கு முன்னால் கிணற்றடியில் நான் சவர்க்காரம் போட்டுக்கொண்டு நிற்கிறேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு கனவான் கமராவைத் தூக்கி, எடுக்கலாமா என்று சைகையால் கேட்டார். நானும் தலையாட்டினேன். எங்கோ ஒரு வீட்டு அல்பத்தில் நான் இன்றைக்கும் நுரையோடு சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

சுற்றுலா முடிந்ததும் எப்படி இருந்தது என்று பெடியன் ஆங்கிலத்தில் கேட்டான். படிகள் கூட, சோகம் குறைவு என்றேன். மலை ஏறுகிறவர்கள் ஓரளவு சோகத்தைத்தான் தூக்குவார்கள், மிச்சத்தை நாங்கள் வீட்டில் வைத்திருக்கிறோம் என்றான். பெடியனை எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் மாப்பிள்ளையே சொல்வது விசாரணையில் சேராது. குடையை நீட்டி மேலே ஒரு நீலக் கதவைக் காட்டினான். அதுதான் அவனுடைய தாயின் வீடு. நாளை மதியம் எனக்கு அங்கே சாப்பாடு. அவன் அடுத்த கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போனான், மருமகள் வேலைக்கென்று கீழே இருந்த தேநீர்க் கடைக்குள் போனாள். நான் படம் எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நீலக் கதவு இருந்த தெருவுக்கு ஏறினேன்.

முறை தவறாமல்தான் தொடங்கினேன். முதலில் சந்திக் கடை. முதலாளி உருளைக்கிழங்கு நிறுத்துக்கொண்டிருந்தார். வாசலில் நாலு பேர் டொமினோ ஆடினார்கள். ஒரு சோடா வாங்கினேன். அவர்களுடைய மொழியில் எனக்கு நன்றி சொல்ல மட்டும் தெரியும். அதனால் நான் எழுதுவதை ஸ்பானிய மொழியில் வாசித்துக் காட்டி, அவர்கள் சொல்வதைத் தமிழில் எழுதிக் காட்டும் வசதியைக் கைபேசியில் வைத்திருந்தேன். வாசித்தது ஒரு பெண் குரல், நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோல. முதல் கேள்வி மழையைப் பற்றி. அதற்கு நல்ல மறுமொழி கிடைத்தது. அடுத்ததாகப் பெடியனின் படத்தை எடுத்துக் காட்டினேன். இவனைத் தெரியுமா, அந்த வீட்டுக்கு யார் யார் வந்து போகிறார்கள் என்று குரல் கேட்டது. எல்லைச் சண்டைக்காரர் யாரும் உண்டா என்றும் கேட்க விரும்பினேன். வேலி, எல்லை, கதியால் எல்லாவற்றையும் அந்த மொழியில் விளங்கப்படுத்துவது கடினம் என்று பட்டதால், சுருக்கி, இந்தக் குடும்பத்துக்கு எதிரிகள் இருக்கிறார்களா என்று எழுதினேன்.

டொமினோ நின்றுவிட்டது. முதலாளி படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டுத் தெரியாது என்று தலையாட்டினார். அவருடைய தலைக்குப் பின்னால் சுவரில் தெருப் பெடியன்களின் உதைபந்தாட்டக் குழுவின் படம் மாட்டியிருந்தது. அதில் இடமிருந்து இரண்டாவதாகப் பெடியன் நின்றான். முட்டை வாங்க வந்த பெண்மணி படத்தைப் பார்க்காமலே தெரியாது என்றுவிட்டுப் போனார், முட்டையும் வாங்கவில்லை. பக்கத்துச் சலூனுக்குப் போனேன். தான் இந்த இடத்துக்குப் புதிது என்று கைபேசி மூலம் சொன்னார் சலூன்காரர். அதே கதிரைக்குப் பின்னால் அவர் இளந்தாரியாக நிற்கும் படம் கண்ணாடிக்கு மேல் தொங்கியது. நான் வெளியில் வர, கடை முதலாளி இரும்புக் கதவைப் பாதிக்கு இறக்கிவிட்டிருந்தார்.

அப்போதுதான், பாதி சோடாவோடு தெருவில் நின்றபோது, என்னை நான் வெளியிலிருந்து பார்த்தேன். தலையில் தொப்பி. கண்ணில் வெள்ளை படர்ந்து ஒப்பரேசன் செய்ததிலிருந்து போடும் கறுத்தக் கண்ணாடி. கையில் குறிப்புப் புத்தகம், ஓர் இளைஞனின் படம், எதிரிகளை விசாரிக்கும் ஒரு குரல். இப்படி ஒருத்தன் வந்து கேட்டிருந்தால் நானே எனக்கு ஒன்றும் சொல்லியிருக்கமாட்டேன்.

சொன்னதும் இல்லை. ஊர் திரும்பிய புதிதில் மோட்டார் சைக்கிளில் புலனாய்வுக்காரர் இரண்டு பேர் எங்கள் வாசல் படலைக்கு வந்து பக்கத்து வீட்டுப் பெடியனைப் பற்றிக் கேட்டார்கள். அந்த வீட்டாரோடு பன்னிரண்டு வருடம் ஒரே கிணற்றில் தண்ணி அள்ளியவன் நான். இந்த இடத்துக்குப் புதிது என்றேன். குறித்துக்கொண்டார்கள். என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோது அவள் செவிடாகிவிட்டாள். அவர்கள் போய் இரண்டு நாள் கழித்தும் எனக்கு மறுமொழி சொல்லவில்லை, பழக்கம் விட்டுப்போகக்கூடாதாம்.

மேலிருந்து ஒரு கட்டையான பெண்மணி இறங்கி வந்தார். கையில் பிசைந்த மா ஒட்டியிருந்தது. பின்னால் இன்னும் மூன்று பெண்கள், முட்டை வாங்காமல் போனவரும் அதில் ஒருவர். வந்தவர் என் கைபேசியைப் பறித்துப் படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். குரலை உயர்த்தாமல் ஏதோ கேட்டார். அதில் பெடியனுடைய பெயர் மட்டும் எனக்கு விளங்கியது, தாய் இவர்தான் என்பதும். என்னுடைய மொழி முழுவதும் இப்போது அவருடைய கையில். கலியாண விடயமாக வந்தவன் என்பதைத் தெரிவிக்க, தாலி கட்டுவதைச் சைகையில் காட்டினேன். ஒருவனின் படத்தோடு வந்த அந்நியன் கழுத்தைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கிக் காட்டுவது அந்த இடத்துக்குப் பொருத்தமான சைகை அல்ல. பெண்கள் ஓரடி பின்வாங்கினார்கள்.

அவர் தன் கைபேசியில் மகனைக் கூப்பிட்டு என்னை வர்ணித்தார். மறுபக்கம் அவன் சிரித்த சிரிப்பு எனக்கும் கேட்டது. பத்து நிமிடத்தில் மருமகள் மூச்சிரைக்க ஏறி வந்தாள்.

"மாமா, என்ன செய்தனீங்கள்?"

"விசாரிச்சனான்."

"ஆரிட்ட?"

"எல்லாரிட்டயும்."

அவள் படியிலேயே குந்திவிட்டாள். "அம்மாதானே அனுப்பினவா?" என்று கேட்டாள். நான் மறுக்கவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, கடைசியில் பயம் வந்தது. மாமா, நீங்கள் என்ன சொல்லுறீங்களோ அதைத்தான் அம்மா கேட்பா என்றாள்.

நாளைய சாப்பாடு அன்றைக்கே நடந்தது. குசினி மேசையில் சோறு, அவரை, பொரித்த வாழைக்காய் எல்லாம் வைத்துவிட்டு, தன்னைப் பற்றித் தெருவில் என்ன சொன்னார்கள் என்று தாய் கேட்டார். ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை, உங்களைத் தெரியாது என்றுவிட்டார்கள் என்றேன். மருமகள் அதை மொழிபெயர்த்ததும் அவர் அகப்பையைக் கீழே வைத்தார். மெதுவாக நிறையக் கதைத்தார்.

"இப்பிடித்தான் ஒருக்கா அவாவின்ர தம்பியின்ர படத்தோட ஆக்கள் வந்தவையாம்," என்றாள் மருமகள். "அண்டைக்கு ஆரோ ஒராள் வீட்டைக் காட்டிப்போட்டாராம். அதுக்குப் பிறகு இந்தத் தெருவில ஒருத்தரும் ஒருத்தரையும் காட்டிறேல்லை எண்டு சொல்லுறா."

நான் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் எனக்கு இன்னொரு அகப்பை அவரைக்கறி போட்டார்.

சாப்பிட்டு முடிய அக்காவே தொலைபேசியில் அழைத்துவிட்டார். மருமகள் கோப்பை கழுவப்போகிறவள்போல எழும்பிப்போய், தண்ணீரைத் திறக்காமல் நின்றாள்.

"என்னடா, விசாரிச்சியோ?"

"ஓம், விசாரிச்சனான்."

"சனம் என்ன சொல்லுது?"

"ஒருத்தரும் வாய் திறக்கேல்லை அக்கா. கடைக்காரன் தெரியாதெண்டிட்டுக் கதவை இறக்கிப்போட்டான். சலூன்காரன் தான் ஊருக்குப் புதிசாம். அதுக்கிடையில ஆரோ போய்த் தாய்க்காரிக்கும் சொல்லிப்போட்டினம்."

கனடாவுக்குப் போவதற்கு முன் அக்காவும் எங்கள் ஒழுங்கையில் இருந்தவர்தான்.

"அவ்வளவு பேருமோ?"

"அவ்வளவு பேரும்."

"வடிவாக் கேட்டனியோ?"

"எதிரி இருக்கோ எண்டும் கேட்டனான்."



"அப்ப நல்ல அயல் சனம்தான்," என்றார் அக்கா. "அந்த மனிசியிட்ட ஒருக்கால் கேள், தை மாசம் அங்க மழையோ வெயிலோ எண்டு. நான் என்ன சீலை கொண்டு வாறது?"

மருமகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைத் தாயிடம் கேட்டாள். எந்த மாதமானாலும் பின்னேரத்தில் மழை வரக்கூடும், பட்டு மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றார் அந்த அம்மா. அக்கா பட்டுத்தான் கட்டுவார் என்பது எனக்குத் தெரியும். அதை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.