முள் இறங்கவில்லை

குப்பைக்கூடையில் எதைப் போடுவதானாலும் முதலில் குழாயில் காட்டி நனைத்துவிடுவார். வடிதாளில் ஒட்டிய நிக்கல் தூள் காய்ந்தால் தானாகவே பற்றிக்கொள்ளும். ஆய்வுக்கூடத்தில் படிந்த பழக்கம். வீட்டில் மளிகை ரசீதைக்கூட விடவில்லை.

"குப்பையையும் குளிப்பாட்டித்தான் அனுப்புவீங்களா?" என்பாள் மனைவி. "என்னைக் கட்டினதுக்கு அந்த நிக்கலையே கட்டியிருக்கலாம்."

கூட வேலை செய்கிறவர்களும் 'நிக்கல் மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிட்டார்கள்.

மருந்துக்கான வேதிப்பொருளில் ஹைட்ரஜனை ஏற்ற அவர் வேலை பார்த்த தொழிற்சாலை பல்லேடியம் என்ற உலோகத்தை நம்பியிருந்தது. பொன்விலை. அதே வேலையை, அதிகச் சூடில்லாமல், மலிவான நிக்கலைச் செய்யவைத்துவிட வேண்டும். அவருக்கு வேறு ஆசையே இல்லை. நிக்கலைத் தாங்கும் வெண்பொடியை மாற்றினார், துளி செம்பு சேர்த்தார், மறுபடி எடுத்தார். ஆறு வருஷம். ஒரு மத்தியானம் சோதனைக் கலனின் அழுத்தமானியில் முள் மளமளவென்று இறங்கியது. உள்ளே ஹைட்ரஜன் தீர்கிறது, நிக்கல் வேலை செய்கிறது! அன்றைக்குப் பிள்ளை பெற்றவரைப் போல நடந்தார்.

புதிய பெரிய கலனில், எல்லார் முன்னாலும் செய்துகாட்டியபோது, முள் இம்மியும் அசையவில்லை.

"பழைய பானையில மட்டும் வேகுற பருப்பா, மாப்பிள்ளை?" என்றார் மேலாளர். சிரித்தார்கள்.

"கலன்லதான் சார் கோளாறு. பழசுல இப்பவே காட்டுறேன்."

காட்டினார், இறங்கியது. மேலாளர் சிரிக்கவில்லை. பழைய கலனை அமிலம் ஊற்றிக் கழுவச் சொன்னார். அதற்கப்புறம் அதிலும் முள் இறங்கவில்லை. பிரிவை மூடி, அவரைப் பண்டகசாலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

"வயித்தெரிச்சல் பிடிச்சவன். கழுவுறேன்னு என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டான்."

சாப்பிடும்போதும் மேலாளரை இப்படித்தான் திட்டுவார், செருப்பு மாட்டும்போதும் இதே. சொல்லுக்குச் சொல் பதில் வைத்திருக்கும் மனைவி இதற்கு மட்டும் வாய் திறக்கமாட்டாள். மாரடைப்பில் போகிறவரை அவர் ஓயவில்லை.

அவர் போன பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரியவந்தது. கழுவிய அமிலத்தில் பல்லேடியம் இருந்திருக்கிறது. முன்பு அந்தக் கலனில் போட்டு ஓட்டிய பல்லேடியத்தின் மிச்சம், சொரசொரத்த உட்சுவரில் தங்கி, நிக்கலின் பேரில் வேலை செய்திருக்கிறது. நிக்கலே போடாமல் ஒருதரம் ஓட்டிப் பார்த்திருந்தால் போதும். அது அவருக்குத் தோன்றவே இல்லை. மேலாளர் இதைச் சொல்ல அப்போதே வீடுவரை வந்திருந்தாராம். இவர் வெளியே போயிருந்தார். வாசலிலேயே கேட்டுக்கொண்ட மனைவி சொன்னாளாம்:

"அவர் உங்களையே திட்டிட்டுப் போகட்டும் சார். தன்னைத் திட்டிக்க ஆரம்பிச்சா தாங்கமாட்டார்."